கணினியின் பிணி காணும் முறை

நாடி பாராது மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் எவரும் இரண்டாம் முறை செல்லார். ஆயினும், மேசைக் கணினி பழுதுற்றவிடத்து நம்மிற் பலர் அத்தகைய வைத்தியராகி விடுகின்றோம். தமிழாசிரியராகிய யாம் இப்பொருள்பற்றி எழுதப் புகுந்தமைக்கு, யாம் இழைத்த தவறொன்றே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பறைக் கணினியொன்று, விசிறி சுழன்றும் திரை ஒளிராது நின்றது. யாம் ஆராயாது, மின்வழங்கி பழுது என்று தீர்ப்புக் கூறினோம். மாணவர் சேர்த்த பணத்திற் புதியது வந்தது. திரையோ இருண்டே கிடந்தது. "சேர், இயக்கும்போது உள்ளே விட்டுவிட்டு ஓர் ஒலி கேட்கின்றது" என்று ஒரு மாணவன் முன்னரே கூறியிருந்தான். யாம் அதனைப் பொருட்படுத்தினோமல்லோம்.

கணினி இயங்கத் தொடங்கியதும் தன் உறுப்புக்களைத் தானே சோதிக்கும். குறை காணின், திரை ஒளிருமுன்னரே பீப் ஒலியாலோ சிறு விளக்காலோ அறிவிக்கும். அக்குறிகளின் பொருள் ஆக்கியோர்க்கேற்ப வேறுபடும். ஆதலின் தாய்ப்பலகையின் கைந்நூலை நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும்.

ஆராய்ச்சி புறத்திலிருந்து அகத்துக்குச் செல்லுக. முதலில் மின்குதை, செருகி, திரைக்குச் செல்லும் வடம் ஆகியவற்றைப் பார்க்க. அடுத்தது மின்வழங்கி. விசிறி சுழல்வது மட்டும் அதன் நலத்துக்குச் சான்றாகாது. 12, 5, 3.3 வோல்ற்று என்னும் அளவுகளைப் பல்மானியால் அறிக. அவை 5 சதவீதத்துக்கு மேல் விலகின் அது குறையுடையது. அதன் பெட்டியைத் திறவற்க. இணைப்பை நீக்கிய பின்னும் அதன் கொள்ளளவிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருத்தல் கூடும்.

மூன்றாவது நினைவகம். மின்னிணைப்பை நீக்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிய பின், நினைவகத் தகடுகளுள் ஒன்றை மட்டும் செருகி இயக்குக, பின்னர் மற்றையதை. அனைத்தையும் கழற்றிய நிலையில் நினைவகக் குறைக்குரிய ஒலி எழுமாயின், தாய்ப்பலகையும் செயலியும் பெரும்பாலும் நலமுடையன எனக் கொள்ளலாம்.

சிறிது நேரம் இயங்கித் தானே அணையின், செயலியின் விசிறியிற் படிந்த தூசையும் வெப்பத்தையும் ஐயுறுக. நாளும் நேரமும் பிழைபடின் 3 வோல்ற்று நாணய மின்கலம் நலிந்திருக்கும். வன்தட்டு இடையறாது தட்டும் ஒலி எழுப்பின், சோதனையை ஒத்திவைத்து, இன்றியமையாக் கோப்புக்களை முதலிற் பிரதி செய்க. எவ்விடத்தும் ஒரு வேளையில் ஓர் உறுப்பையே மாற்றுக. இரண்டை மாற்றின், குணம் எதனால் விளைந்தது என்பது விளங்காது.

எமது கணினியின் பிணி யாதெனில், நினைவகத் தகட்டின் தொடுமுனைகளிற் படிந்த அழுக்கே. அழிறப்பரால் மெல்லத் துடைத்துச் செருகியதும் திரை ஒளிர்ந்தது. வீணான பணத்தை யாம் ஈடு செய்தோம். அம்மாணவனிடம் வகுப்பின் முன்னிலையில் எம் தவற்றை ஒப்புக்கொண்டோம். பழுதுற்ற பொறியும் பேசும். அருகிருந்து கேட்டவனும் பேசுவான். இரண்டையும் செவிமடுத்த பின்னரே தீர்ப்புக் கூறுக.