மாட்டுகிறது, ஓடவில்லை: கடைக்காரர் பொறுப்பா?

கேள்வி: ஊத்துக்கோட்டையில் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிறேன். நிக்கான் டி5600 வைத்திருக்கிறேன். கோயில் மண்டபங்களில் வெளிச்சம் போதவில்லை என்று, சென்னைக் கடை ஒன்றுக்குக் கேமரா மாடலைச் சொல்லி வாட்ஸ்அப்பில் 50 எம்எம் லென்ஸ் கேட்டேன். "உங்க பாடிக்கு பக்காவா செட் ஆகும் சார்" என்று 1.8டி லென்ஸை அனுப்பினார்கள். மாட்டினால் மாட்டுகிறது, ஆட்டோ ஃபோகஸ் ஓடவில்லை. "லென்ஸில் பழுதில்லை, விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார்கள். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லையாமே, வழக்குப் போட முடியுமா?
- வாசகர், ஊத்துக்கோட்டை

பதில்: போடலாம். ஆனால் கடைக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்த லென்ஸில் பழுதில்லைதான். நிக்கான் 1959-ல் கொண்டுவந்த எஃப் மவுன்ட்தான் உங்கள் கேமராவிலும் இருக்கிறது. அதனால் பழைய லென்ஸும் கச்சிதமாக உட்காரும். லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தைப் பாருங்கள், திருப்புளி நுனி நுழைகிற மாதிரி ஒரு சிறு பள்ளம் தெரியும். கேமராவிலிருக்கும் மோட்டார் அதைத் திருப்பினால்தான் ஃபோகஸ் ஓடும். டி5600-ல் அந்த மோட்டாரே கிடையாது. நீங்கள் வாங்கியிருக்க வேண்டியது, உள்ளேயே மோட்டார் உள்ள 1.8ஜி.

அப்படியானால் குறைபாடு எங்கே? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10)-ன்படி, விற்பவர் எந்த விதத்திலாவது சொன்ன தரம் பொருளில் இல்லையென்றால் அதுவும் குறைபாடுதான். "செட் ஆகும் என்றோம், ஆனதே" என்று எதிர்த்தரப்பு வாதிடும். அங்கேதான் உங்கள் வாட்ஸ்அப் பேச்சு பேச வேண்டும். கேமரா மாடலையும் கல்யாண வேலையையும் சொல்லி, அவர் பேச்சை நம்பி வாங்கியிருந்தால், பொருள் விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16(1) உங்கள் பக்கம். நீங்களாகவே "1.8டி அனுப்புங்க" என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் அதே பிரிவின் விதிவிலக்கு கடைக்காரரைக் காப்பாற்றிவிடும். உரையாடலை அழித்துவிடாதீர்கள், பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 63-ன்படி சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள்.

'நுகர்வோர் இல்லை' என்ற பயம் வேண்டாம். கோவை பிஎஸ்ஜி தொழில் நிறுவனத்தின் மீது லக்ஷ்மி இன்ஜினியரிங் தொடுத்த வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. வழக்குத் தொடுத்தவர் தோற்றார். ஆனால் தன் உழைப்பால் பிழைக்க ஒரு கருவி வாங்குகிறவர் நுகர்வோரே என்பது தெளிவானது. இன்றைய சட்டத்தின் பிரிவு 2(7)-ம் அதையே சொல்கிறது. நாலைந்து ஆள் வைத்து ஸ்டுடியோ நடத்துகிறவர் என்றால் கதை வேறு.

உடனே செய்ய வேண்டியது: லென்ஸை இனி எந்த வேலைக்கும் எடுத்துப் போகாதீர்கள். தொடர்ந்து பயன்படுத்தினால் ஏற்றுக்கொண்டதாகிவிடும், பிறகு இழப்பீடு மட்டுமே கேட்கலாம், திருப்பித் தர முடியாது. வேண்டாம் என்று எழுத்தில் அறிவித்து, பணமோ 1.8ஜி-யோ கேளுங்கள். பதிலுக்கு வேறு கம்பெனி லென்ஸைத் தள்ளப் பார்த்தால், உள்ளே மோட்டார் இருக்கிறதா என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள்; டாம்ரான், சிக்மாவின் பழைய நிக்கான் லென்ஸ்களிலும் மோட்டார் இல்லாதவை உண்டு.

மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் அசையாவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட பிரிவு 34 இடம் தருகிறது. கடை சென்னையில் இருந்தால் என்ன, ஆந்திராவின் சத்தியவேட்டில் இருந்தால் என்ன. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டுகள். கைவிட்டுப்போன கல்யாண ஆர்டருக்கும் இழப்பீடு கேட்பதானால், முன்பணம் திருப்பிக் கொடுத்த ரசீதையாவது இணைத்துக் கேளுங்கள்.