அம்பரீஷன் காட்டிய பாரணை நெறி

ஸ்ரீ:

ஏகாதசி விரதத்தின் பெருமையைப் புராணங்கள் பலபடப் பேசுகின்றன. அவ்விரதம் எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்தவர் பலர். எங்கே நிறைவுறுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. தசமியன்று ஒரு வேளை உணவு, ஏகாதசியன்று உபவாஸமும் ஜாகரணமும், துவாதசியன்று உரிய காலத்தில் பாரணை என்னும் மூன்றும் கூடியதே விரதத்தின் முழு உருவம். உபவாஸம் என்னும் சொல்லுக்கு அருகில் வசித்தல் என்பது பொருள். பசியோடு இருப்பது அதன் புறவடிவம்; எம்பெருமானுக்கு அருகில் இருப்பது அதன் உட்பொருள். அருகில் இருந்தவன் எத்தகைய மனத்தோடு திரும்பினான் என்பதைக் காட்டும் வேளையே பாரணை வேளை.

கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழியும் தையும் திருநாள்கள் நெருங்கி வரும் காலம். வைகுண்ட ஏகாதசி, அதன் மறுநாள் பாரணை, மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லி, போகி, ஸங்கராந்தி, கனு என்று பண்டிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கம்பம் கம்பராயப் பெருமாள், சின்னமனூர் லக்ஷ்மி நாராயணப் பெருமாள், போடி ஸ்ரீநிவாஸப் பெருமாள் முதலிய ஸந்நிதிகளை நாடி அன்பர்கள் விடியலுக்கு முன்பே பனியில் நடந்து வருகின்றனர். வெளியூரில் பணி செய்யும் பிள்ளைகள் வீடு திரும்புவதும் இக்காலத்திலேதான்.

இத்தகைய புண்ணிய காலத்திலும் சில விபரீதங்கள் நேர்ந்துவிடுகின்றன. பரமபத வாசலை முந்திக் கடக்க வேண்டுமென்று ஒருவர் முதியவர் ஒருவரை இடித்துத் தள்ளிச் செல்கிறார். கண்குளிர ஸேவித்துவிட்டு வீடு திரும்பியவர், காபி வரத் தாமதமாயிற்று என்று மனைவியைக் கடிந்துகொள்கிறார். சர்க்கரை நோயுள்ள மூதாட்டி, விரதத்திற்குப் பங்கம் வருமே என்று அஞ்சி மருந்தை விட்டுவிட்டு மயங்கி விழுகிறாள். விரதம் இருந்தவர் மூவருமே. ஆனால் விரதம் நிறைவுற்றதா என்பது கேள்வி. இக்கேள்விக்கு விடையாக நிற்பது ஸ்ரீமத் பாகவதம் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் வரும் அம்பரீஷ மஹாராஜனின் சரித்திரம்.

அம்பரீஷன் சரித்திரம்

நாபாகனின் குமாரனான அம்பரீஷன் ஏழு தீவுகளையும் ஆண்ட சக்கரவர்த்தி. அவ்வளவு செல்வம் இருந்தும் மனத்தைக் கண்ணன் திருவடியிலும், வாக்கை அவன் குணங்களைப் பேசுவதிலும், கைகளை அவன் ஆலயத்தைப் பெருக்கித் தூய்மை செய்வதிலும் செலுத்தினான். தனக்கு ஒத்த சீலமுடைய பட்டமஹிஷியோடு ஓராண்டு முழுவதும் துவாதசி விரதம் அனுஷ்டித்தான். அரசன் மட்டும் நோற்றான் என்று சுகர் சொல்லவில்லை. மஹிஷியோடு கூடி நோற்றான் என்றே சொல்லுகிறார். இது மனத்திற்கொள்ளத் தக்கது.

ஆண்டின் முடிவில் கார்த்திகை மாதத்தில் மூன்று இரவுகள் உபவாஸமிருந்து, யமுனையில் நீராடி, மதுவனத்தில் ஸ்ரீஹரியை ஆராதித்தான். கோதானம் செய்து, வந்தவர்களுக்கெல்லாம் அன்னமிட்டு, அவர்களுடைய அனுமதியோடு பாரணைக்கு அமரும் வேளையில் துர்வாஸ மஹரிஷி அதிதியாக எழுந்தருளினார். அரசன் எழுந்து வணங்கி, அமுது செய்தருள வேண்டினான். முனிவரும் இசைந்து, மத்தியான நியமங்களை முடித்து வருவதாகக் கூறி யமுனைக்குச் சென்றார். நீரில் மூழ்கித் தியானத்தில் ஆழ்ந்துவிட்டார்.

துவாதசி திதியோ இன்னும் அரை முகூர்த்தமே, அதாவது 24 நிமிஷமே எஞ்சியிருந்தது. அதிதி உண்ணுமுன் உண்டால் அபசாரம். திதி கழியுமுன் பாரணை செய்யாவிட்டால் விரதத்திற்குக் குறை. இரண்டு தர்மங்களுக்கும் நடுவே நின்ற அரசன் தானாக ஒரு முடிவு செய்யாமல் வேதம் வல்ல பெரியோர்களைக் கேட்டான். தண்ணீர் பருகுவது உண்டதாகவும் ஆகும், உண்ணாததாகவும் ஆகும் என்று அவர்கள் தெளிவித்தனர். அரசன் அச்சுதனை நினைந்து தண்ணீரை மட்டும் பருகி, முனிவரின் வரவை எதிர்நோக்கியிருந்தான்.

திரும்பி வந்த துர்வாஸர் நடந்ததை உணர்ந்து கடுங்கோபங்கொண்டார். சடையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கிருத்யை என்னும் பூதத்தை ஏவினார். அம்பரீஷன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. எம்பெருமானுடைய ஸுதர்சன சக்கரம் கிருத்யையை எரித்துவிட்டு முனிவரைத் துரத்தியது. பிரம்மாவும் சிவனும் காக்க இயலாதென்று கைவிரித்தனர். வைகுண்டநாதனோ, தான் அடியார்க்கு வசப்பட்டவன் என்றும், அம்பரீஷனிடமே செல்லுமாறும் பணித்தான். முனிவர் வந்து அரசன் காலைப் பற்றினார். அரசன் நாணமுற்று, சக்கரத்தாழ்வானைத் துதித்து அவரைக் காத்தான்.

முனிவர் ஓடித் திரிந்த காலம் ஓராண்டு. அவ்வோராண்டும் அம்பரீஷன் அவருக்காகக் காத்திருந்தான். தண்ணீரன்றி வேறு ஆகாரம் கொள்ளவில்லை. தன்னை அழிக்க வந்தவரின் திருவடியைப் பற்றி உணவருந்த வேண்டி, அவர் திருப்தியுற்று, ‘நீயும் உண்பாயாக’ என்று அன்போடு சொன்ன பிறகே அவன் உண்டான். அம்பரீஷனுடைய விரதம் நிறைவுற்றது அந்தப் பந்தியிலேதான்.

உடலைக் காத்தலும் தர்மமே

இச்சரித்திரத்தில் முதலில் அறியத்தக்கது, உடலை வருத்துவது விரதத்தின் நோக்கமன்று என்பது. பெரியோர்கள் அரசனைத் தண்ணீரும் பருகாதே என்று தடுக்கவில்லை. உரிய காலத்தில் பருகு என்றே வழி சொன்னார்கள். மஹாபாரதத்தில் உத்யோக பர்வத்து விதுர நீதியிலே, விரதத்தைக் கெடுக்காதவை எட்டு என்று கூறப்படுகின்றன. தண்ணீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், அந்தணரின் விருப்பம், குருவின் வாக்கு, மருந்து ஆகியவை அவை. மருந்தும் அக்கணக்கில் இருப்பதை நன்கு நோக்க வேண்டும்.

ஏகாதசி உபவாஸம் எட்டு வயதுக்கு மேல் எண்பது வயதுக்குள் உள்ளவர்க்கே விதிக்கப்பட்டது. இயலாதவர்க்கு இரவில் ஒரு வேளை உணவு, பால், பழம் என்று மாற்று வழிகளையும் தர்மசாஸ்திரங்கள் காட்டுகின்றன. நோயுற்றவர்க்காக மற்றொருவர் விரதம் ஏற்பதற்கும் இடமுண்டு. தாய்க்காக மகன் உபவாஸமிருப்பது தாயின் விரதத்தையும் காக்கும், தாயையும் காக்கும்.

சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர் ஆகாரமின்றி இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை அபாயமான அளவுக்குக் குறையக்கூடும். மருந்தை விடுவதும் கேடே. இத்தகையோர் மருத்துவரைக் கேட்டு நடப்பது, அம்பரீஷன் அறிந்தோரைக் கேட்டு நடந்ததற்கு ஒப்பாகும். மிகுதியாக உண்பவனுக்கும், முற்றும் உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும், உறங்காதே விழிப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்பது கீதை ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் காட்டிய நெறி.

பாரணைக்கு அகத்திக்கீரையும், நெல்லிக்காயும், சுண்டைக்காயும் சேர்க்கும் வழக்கமும் வெறும் சுவைக்காக ஏற்பட்டதன்று. வெறும் வயிற்றின் சூட்டைத் தணித்து, மெல்ல உணவுக்குத் திருப்புவதற்காக முன்னோர் அமைத்த முறை அது.

அம்பரீஷன் ஓராண்டு தண்ணீரிலேயே இருந்தானே எனலாம். அது அம்மஹாபுருஷனுக்கே இயல்வது. அவனுடைய பட்டினியை மற்றவர் பின்பற்ற வேண்டுவதில்லை. அவனுடைய பொறுமையைப் பின்பற்றினால் போதும்.

அடுக்களையில் நிற்பவளுக்கும் உற்சவம் உண்டு

இரண்டாவதாக, அம்பரீஷன் மஹிஷியோடு கூடி நோற்றான் என்பதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பம், தேவாரம், கோம்பை, போடிப் பகுதிகளில் உள்ள தாய்மார் பலர் விடியலில் ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்கின்றனர். பொழுது சாயும் வேளையில் திரும்புகின்றனர். வயலில் நடவும் களையெடுப்பும் செய்வோரும் பலர். அவர்களே பண்டிகை நாளில் வீடு மெழுகி, கோலமிட்டு, உபவாஸமும் இருந்து, மற்றவர்க்குப் பலகாரமும் செய்கின்றனர். வீட்டார் எல்லோரும் ஸேவித்துத் திரும்பிய பிறகும் அவர்களுக்கு ஸேவை கிடைப்பதில்லை. ஒருத்தியின் களைப்பின் மேல் மற்றவர் கொண்டாடுவது உற்சவமாகாது. உற்சவ நாளில் நீர் சேந்துவதும், காய் நறுக்குவதும், பந்தி எடுப்பதும் ஆண்மக்களுக்கு இழுக்கல்ல. உலகாண்ட அம்பரீஷனின் கைகளே ஆலயத்தைப் பெருக்கின அல்லவா?

ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்குப் பரமபத ஸோபான படம் விளையாடும் வழக்கமும் குடும்பத்தை ஒன்று சேர்ப்பதே. பாட்டி தாயத்தை உருட்ட, பேரன் ஏணியில் ஏற, பேத்தி பாம்பிடம் அகப்பட, புண்ணிய பாவங்களின் பலன் விளையாட்டாகவே உள்ளத்தில் பதிகிறது. பாட்டிக்கு அவ்விரவில் வேண்டியது பட்டுப்புடவையன்று. எதிரே அமர்ந்து ஆடுவதற்கு ஒரு பேரன்.

உறவும் உபகார ஸ்மிருதியும்

மூன்றாவது, உறவைப் புதுப்பித்தல். இப்பள்ளத்தாக்கின் கிழக்கே வருஷநாட்டு மலைக்கு அப்பால் உள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே அவதரித்த ஆண்டாள், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் ஸமர்ப்பிப்பதாக நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டாள். பிற்காலத்தில் வந்த ஸ்ரீராமாநுஜர் அந்நேர்த்தியை நிறைவேற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது, அவரைக் கோயில் அண்ணன் என்று ஆண்டாள் அழைத்ததாக ஸம்பிரதாயம் கூறும். தங்கை சொல்லி வைத்ததை அண்ணன் செய்து முடித்தான் என்பதே இதன் அழகு. கூடாரவல்லியன்று அக்காரவடிசில் அமுது செய்பவர்கள், தாங்கள் சீர் அனுப்பாமல் விட்ட உடன்பிறந்தாள் ஒருத்தி உண்டா என்று நினைத்துப் பார்க்க வேண்டும். சில நாளில் கனு வருகிறது. பேச்சு நின்றுபோன தங்கையும் அன்று உடன்பிறந்தானின் நலத்தை வேண்டியே கனுப்பிடி வைப்பாள்.

நிலத்தின் வரப்பிலும் வாய்க்காலின் மடையிலும் தோன்றிய பிணக்கு, பங்காளிகளைத் தலைமுறைக்கும் பிரித்துவிடுவதுண்டு. யார் முதலில் பேசுவது என்பதே அங்கு இடையூறு. அம்பரீஷன்மீது தவறில்லை, ஆயினும் இலையைப் போட்டுக் காத்திருந்தவன் அவனே. தவறில்லாதவன் காத்திருப்பதே பெருமை.

அம்பரீஷன் பருகிய தண்ணீரை நினைக்கும்போது இப்பள்ளத்தாக்கின் தண்ணீரும் நினைவுக்கு வருகிறது. 1895-ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்நீரால்தான். அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் வேறு தேசத்தவர், வேறு சமயத்தவர். ஆயினும் அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் நாளில் பாலார்பட்டி மக்கள் பொங்கலிட்டு அவரை நினைக்கின்றனர். 2013-இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. ஓர் உபகாரத்தையும் மறவாமை, நூறு அபகாரத்தையும் நினையாமை ஆகிய இரண்டையும் வால்மீகி ஸ்ரீராமனுடைய குணங்களாகக் கூறுகிறார். அன்னியர் செய்த உபகாரத்தை நூறாண்டு கடந்தும் நினைக்கும் இம்மண்ணில், உடன்பிறந்தார் செய்த உபகாரத்தை மறக்கலாமா?

யாத்திரிகர்கள் கைக்கொள்ள வேண்டியவை

வரிசையில் முதியோருக்கும், கருவுற்ற பெண்களுக்கும், கைக்குழந்தையோடு நிற்போருக்கும் இடம் விடுவது பெருமாளுக்குச் செய்யும் கைங்கரியமே. கார்த்திகை, மார்கழி மாதங்களில் கம்பம், குமுளி வழியே சபரிமலை செல்லும் யாத்திரிகர்களுக்குத் தண்ணீரும் மோரும் அளிப்பது அதிதி பூஜையாகும். இரவெல்லாம் விழித்தவர்கள் உறங்கி எழாமல் மலைச்சாலையில் வண்டி ஓட்டுதல் ஆகாது. வீட்டில் காத்திருப்போரை எண்ணி ஒரு பொழுது தங்கிச் செல்க. பிரஸாதத்தைத் தாமே உண்டு முடிக்காமல், வர இயலாத நோயாளிக்கும் அண்டை வீட்டாருக்கும் கொண்டு செல்க.

பாரணை இலை போடும்போது இல்லத்தார் ஒவ்வொருவரும் வந்தனரா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடுக்களையில் இருப்பவளை அழைத்து அமரச் செய்ய வேண்டும். கோபித்துப் போனவர் ஒருவர் இருப்பின், அன்றைக்கே ஆளனுப்பி அழைக்க வேண்டும். அவர் வந்து உண்டு, ‘நீயும் உண்பாயாக’ என்று சொல்லுகிற அந்தப் பந்தியில்தான் விரதம் நிறைவு பெறுகிறது.

ஸர்வே ஜநா: ஸுகிநோ பவந்து.

சுபம்.