ரயில் போன வழியில் சைக்கிள்: எரிமலை நாட்டிலிருந்து மத்தியதரைக் கடல் வரை

ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், கட்டலோனியாவின் கோஸ்டா பிராவா கடற்கரையில், மலை அப்படியே கடலுக்குள் இறங்கிவிடுகிறது. டோசா டி மாருக்கும் சான் ஃபெலியு டி கீஷோல்ஸுக்கும் நடுவே பாறை விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் போகும் சாலையின் படங்களைப் பார்த்துவிட்டு சைக்கிளோடு கிளம்புகிறவர்கள் நிறைய. அழகில் குறையே இல்லாத சாலைதான். ஆனால் கோடை விடுமுறைக் கூட்டத்தில், இருபக்கமும் பை தொங்கும் சைக்கிளில், முதுகுக்குப் பின்னால் சுற்றுலாப் பேருந்து உறுமிக்கொண்டிருக்க ஏற்றம் மிதிப்பது யாருக்கும் இன்பமாக இருக்காது. குழந்தைகளோடு போகிறவர்கள் அந்தச் சாலையை நினைக்கவே வேண்டாம்.

அதே மலையையும் அதே கடலையும் வண்டிப் புகை இல்லாமல் பார்க்க இன்னொரு வழி உண்டு. தண்டவாளம் பெயர்த்த பழைய ரயில் பாதை.

மலைநாட்டில் நெடுந்தூரம் சைக்கிளில் போக நினைப்பவர் வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். சாலை எவ்வளவு செங்குத்தாகவும் ஏறும்; ரயில் ஏறாது. நீராவி எஞ்சினுக்காக அன்றைய பொறியாளர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, மலையைச் சுற்றிச் சரிவைக் குறைத்து வைத்தார்கள். அந்த உழைப்பின் பலன் இன்று சைக்கிள்காரர்களின் முழங்காலுக்குக் கிடைக்கிறது. ஸ்பெயினில் கைவிடப்பட்ட ரயில் பாதைகளை நடைக்கும் சைக்கிளுக்கும் திருப்பிவிடும் 'பசுமைப் பாதை' திட்டம் 1993இல் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் இப்படிப் பாதைகள் இருக்கின்றன.

அவற்றில் முதல் பயணத்துக்கு ஏற்ற ஒன்றைக் காட்டச் சொன்னால், ஜிரோனா மாவட்டத்தின் கரிலெட் பாதையைத் தயங்காமல் காட்டலாம். ஓலோட் என்ற மலையூரிலிருந்து ஜிரோனா நகரம் வரை சுமார் 55 கிலோமீட்டர், அங்கிருந்து சான் ஃபெலியு டி கீஷோல்ஸ் துறைமுகம் வரை சுமார் 40 கிலோமீட்டர். இரண்டிலும் ஓடியது 750 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். நம் பழைய மீட்டர் கேஜை விடவும் கால் மீட்டர் குறுகல். கடலோரப் பகுதி 1892இல் திறக்கப்பட்டது. மலைப் பகுதி 1895இல் தொடங்கி, துண்டு துண்டாக நீண்டு, 1911இல்தான் ஓலோட்டைத் தொட்டது. 1969இல் இரண்டும் மூடப்பட்டன.

திசையை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தப் பயணத்தில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான முடிவு இது. ஓலோட் கடல் மட்டத்திலிருந்து 440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜிரோனா சுமார் 70 மீட்டர். ஆகவே மலையிலிருந்து கடலை நோக்கி ஓட்டினால் பெரும்பகுதி இறக்கம். எதிர்த்திசையிலும் போகலாம், சரிவு மென்மையானதுதான். ஆனால் சுமையோடு முதல்முறை போகிறவர் ஓலோட்டில் தொடங்குவதே நல்லது.

ஓலோட்டில் தொடங்குவதில் ஒரே சிரமம், அங்கே ரயில் கிடையாது என்பது. பார்சிலோனாவிலிருந்து ஜிரோனா வரை ரயிலில் வந்து, பேருந்து மாற வேண்டும். அதிவேக ரயிலில் ஜிரோனாவுக்கு 40 நிமிடம்தான், ஆனால் கழற்றியோ மடக்கியோ பையில் போடாத சைக்கிளை அதில் ஏற்ற முடியாது. சாதாரண ரயிலில் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இடம் இருந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறிவிடலாம். ஓலோட் பேருந்தின் சாமான் அறையில் சைக்கிளுக்கு இடம் உண்டா என்பதை முந்தின நாளே பேருந்து நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வாடகைச் சைக்கிள் எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் விட முடியுமா, பைகளை அடுத்த ஊர் விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்களா என்று கடையில் கேட்டுவிட்டால் போதும்.

சைக்கிளும் சக்கரமும்

பாதையின் பெரும்பகுதி இறுகிய மண்ணும் பொடிச் சரளையும். மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிள் இங்கே உதவாது. 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர் வசதி. மழை பெய்த மறுநாள் பாதை சொதசொதவென்று இருக்கும், சங்கிலியில் மணல் ஏறும். ஒரு பழைய துணியும் சிறிய எண்ணெய்க் குப்பியும் பையில் இருக்கட்டும். ஓரத்து முட்புதர்களை நினைத்து உபரி டியூப் இரண்டு எடுத்துக்கொள்வது நல்லது. ஊருக்கு வெளியே சாலையில் ஹெல்மெட் அணிவது ஸ்பெயினில் சட்டம். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஊருக்குள்ளும் கட்டாயம்.

மாதங்களில் ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர், அக்டோபரும் சிறந்தவை. ஜூலை, ஆகஸ்ட்டில் கடலோரப் பகுதி 30 டிகிரியைத் தாண்டும், விடுதி விலையும் கூடவே ஏறும். 'ஓலோட்டில் மழை இல்லை என்றால் எங்குமே மழை இல்லை' என்று கட்டலான் மக்கள் சொல்வதுண்டு. எந்த மாதத்தில் போனாலும் மழைக்கோட்டு வேண்டும்.

முதல் நாள்: எரிமலைகளின் நடுவே

ஓலோட்டைச் சுற்றியுள்ள கரோச்சா பகுதியில் சுமார் 40 எரிமலைக் கூம்புகள் இருக்கின்றன. கடைசியாகப் பொங்கியது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு. இன்று அவற்றின் மேல் காடு. ஊரை விட்டு வெளியே வந்ததும் லெஸ் பிரேசெஸ் கிராமத்தருகே அந்தப் பழைய நெருப்பின் தடத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். எரிமலைக் குழம்பு உறைந்து கிடந்த கரடுநிலத்தை விவசாயிகள் கல் கல்லாகப் பொறுக்கி, சாந்து இல்லாமல் அடுக்கி, இடுப்பளவுச் சுவர்களாகக் கட்டி, நடுவே மண்ணை விளைநிலமாக்கியிருக்கிறார்கள். கல் கறுப்பு, முழுக்கத் துளைகள், வெயில் படாத பக்கம் பச்சைப் பாசி. அந்தச் சுவர்களுக்கு நடுவே அரை மணி நேரம் நடக்காமல் போவது பெரிய இழப்பு.

பிறகு பாஸ் சமவெளி, அதைத் தாண்டி கோல் டென் பாஸ் கணவாய். சுமார் 600 மீட்டர் உயரம். பயணத்தின் ஒரே நிஜமான ஏற்றம் இதுதான், அதுவும் சின்ன கியரில் பொறுமையாக மிதித்தால் ஏறிவிடக்கூடியது. இந்தப் பகுதியில் ஆங்காங்கே பாதை கிராமத்துச் சாலையோடு சேர்ந்துகொள்ளும். 'வண்டி இல்லாத பாதை' என்று சொன்னாலும் சில நூறு மீட்டர் ஒரு டிராக்டரோ காரோ எதிரே வரும். குழந்தைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பாதை சாலையைக் குறுக்கே வெட்டும் இடங்களில் கட்டைகள் நட்டிருக்கும். பை தொங்கும் சைக்கிள் அவற்றில் இடிக்காதபடி வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் இறங்கித் தள்ளிச் செல்வதே சரி.

கணவாய்க்கு அப்பால் சான் ஃபெலியு டி பாலெரோல்ஸ், லெஸ் பிளானெஸ், அமேர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. பழைய ரயில் நிலையக் கட்டடங்கள் பல இன்னும் நிற்கின்றன. ஒரே நாளில் ஜிரோனாவைப் பிடிக்க உடம்பு ஒத்துழைக்கும், பாதையும் ஒத்துழைக்கும். இருந்தாலும் வேண்டாம். சுமார் 30 கிலோமீட்டரில் அமேரில் நிறுத்தி, வளைவுத் தூண்கள் சூழ்ந்த அந்த ஊர்ச் சதுக்கத்தில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால்தான் இந்த நாட்டுப்புறத்தின் வாழ்க்கை கண்ணில் படும்.

சாப்பாட்டு நேரம்

நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு முன்னால் கிடைக்காது, நான்கு மணிக்கு மேலும் கிடைக்காது. அதன் பிறகு இரவு எட்டரை வரை சமையலறை பூட்டு. ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஆகவே ரொட்டி, பழம், கொட்டைகள் எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி இருக்கிறது, கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டி எங்கும் கிடைக்கும். சுட்ட கத்தரிக்காயும் குடமிளகாயும் சேர்ந்த 'எஸ்கலிவாடா' நன்றாக இருக்கும். மேலே நெத்திலி வைக்காமல் தரச் சொல்ல வேண்டும். எரிமலை மண்ணில் விளையும் சாந்தா பாவ் வெள்ளை பீன்ஸ் இந்தப் பகுதியின் பெருமை. ஆனால் வழக்கமாகப் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியோடுதான் தட்டில் வரும், ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. ஊர்ப் பொதுக் குழாய்களில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். 'அய்குவா நோ பொதாப்ளா' என்று பலகை இருந்தால் அது குடிக்கத் தகாத நீர்.

இரண்டாம், மூன்றாம் நாள்

அமேரிலிருந்து ஜிரோனா வரை சுமார் 25 கிலோமீட்டர். டெர் ஆற்றை ஒட்டி அங்லேஸ், பெஸ்கானோ, சால்ட் வழியாக நிழலும் தோட்டங்களுமாகப் போகும் சுலபமான பாதை. சால்ட் நெருங்கும்போது மாலை நடைக்கு வரும் உள்ளூர்க்காரர்கள் அதிகம். பாதை அவர்களுடையது, மணியை அடித்து, வேகம் குறைத்துக் கடக்க வேண்டும். ஜிரோனாவில் தொழில்முறை சைக்கிள் வீரர்கள் பலர் குடியிருக்கிறார்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தாலோ சக்கரம் வளைந்திருந்தாலோ சரிசெய்ய இதைவிட நல்ல ஊர் அமையாது.

மூன்றாம் நாள் காலை சீக்கிரம் கிளம்புவது முக்கியம், காரணம் காற்று. வெயில் ஏறிய பிறகு கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று எழும்பும். கடலைப் பார்த்து ஓட்டுகிறவருக்கு அது நேர் எதிர்க்காற்று. எட்டு மணிக்குள் ஜிரோனாவை விட்டால் அது வலுக்கும் முன் பாதி தூரம் தாண்டிவிடலாம். மண்பாண்டத்துக்குப் பேர்போன க்வார்ட், பிறகு காசா டி லா செல்வா, யகோஸ்தேரா. யகோஸ்தேரா வரை மெல்ல ஏறி, அங்கிருந்து கடலுக்கு இறங்கும் பாதை.

இது தக்கை நாடு. பாட்டில் மூடும் தக்கையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோன ரயில்தான் இது. யகோஸ்தேராவைத் தாண்டியதும் பாதையோரம் தக்கைக் கருவாலி மரங்கள் நிற்கும். கோடையில் பட்டை உரித்த மரம் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குச் செங்காவி நிறத்தில் வழவழப்பாக இருக்கும்; அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் வெடித்த தடித்த பட்டை. ஒருமுறை உரித்தால் அடுத்த உரிப்புக்குப் பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். சாந்தா கிறிஸ்தினா தாரோவைக் கடந்தால் சான் ஃபெலியு டி கீஷோல்ஸ். குளித்துவிட்டுப் போக ஊர்க் கடற்கரை உண்டு.

சான் ஃபெலியுவிலும் ரயில் இல்லை. ஜிரோனாவுக்கும் பார்சிலோனாவுக்கும் பேருந்துதான், அல்லது வந்த வழியே திரும்பி மிதிக்கலாம். ஒரு நாள் கூடுதலாக உள்ளவர்கள் வடக்கே பாலமோஸிலிருந்து பாலாஃப்ருஜெல் வரை சுமார் 6 கிலோமீட்டர் நீளும் இன்னொரு பழைய ரயில் பாதையைச் சேர்த்துக்கொள்ளலாம். பாலமோஸ் வரை போகும் வழியில் ஊர்த் தெருக்களைக் கடக்க வேண்டியிருக்கும்.

மூன்று நாள் கையில் இல்லாதவர்களுக்கு இத்தாலியின் லிகூரியா கடற்கரை பொருந்தும். சான் லொரென்சோ அல் மாரே முதல் ஓஸ்பெடலெட்டி வரை 24 கிலோமீட்டர், 2001இல் ரயிலை மலைக்குள் மாற்றியதால் காலியான பாதை, முழுக்கத் தார் போட்டது, கடலை ஒட்டியே ஓடுவது. மெல்லிய டயரும் அங்கே போதும். நடுவே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு சுரங்கம் வருகிறது. விளக்கு உண்டு, ஆனால் உள்ளே குளிரும் என்பதால் ஒரு மெல்லிய மேல்சட்டையைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.