தூங்கவிடாத பேனா

அன்புள்ள கயல்விழி,

மொசாம்பிக் பத்திரிகையாளர் கார்லோஸ் கார்டோசோ பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். யாரும் அறியாத ரகசியத்தைக் கண்டுபிடித்ததால் கொல்லப்பட்டார் என்று முடித்திருக்கிறாய். புலனாய்வு என்றாலே மாறுவேஷமும் ஒளித்துவைத்த கேமராவும் என்று சினிமா பழக்கிவிட்டது. உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இவர் விஷயம் நேர் தலைகீழ்.

1996இல், தனியார்மயமாகும் தறுவாயில் இருந்த மொசாம்பிக் வணிக வங்கியிலிருந்து சுமார் 1.4 கோடி டாலரைச் சுருட்டிவிட்டார்கள். யார் மேல் சந்தேகம் என்பது தலைநகர் மபூட்டோவுக்கே தெரியும். கோப்புதான் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் தூங்கியது. கார்டோசோ அதைத் தூங்கவிடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான் அவர் செய்த 'குற்றம்'.

எழுதியது எதில்? ஃபேக்ஸில்! 1992இல் நண்பர்களோடு கூட்டுறவாகத் தொடங்கிய மீடியாஃபாக்ஸ், 1997இல் அவரே தொடங்கிய மெட்டிகால், இரண்டுமே சந்தாதாரர்களுக்கு ஃபேக்ஸில் போன நாளேடுகள். அச்சகமும் வேண்டாம், காகிதக் கட்டுகளும் வேண்டாம்.

அவர் எழுதியவற்றில், வங்கியைவிட எனக்கு முந்திரிதான் முக்கியம். பால் ஃபாவேயும் மார்செலோ மோசேயும் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றை எடுத்தால், மனம் முந்திரியிடம்தான் போகிறது. 1990களில் உலக வங்கி மொசாம்பிக்குக்குத் தரும் கடனுக்கு ஒரு நிபந்தனை போட்டது: உடைக்காத முந்திரிக் கொட்டையின் ஏற்றுமதித் தீர்வையைக் குறை, விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும். தீர்வை குறைந்தது. கொட்டை கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. இங்கே பெண்கள் உட்கார்ந்து கையால் உடைத்தார்கள். அங்கே ஆலைகள் மூடின; ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள், அவர்களிலும் பெண்களே அதிகம். கூடுதல் விலை விவசாயி கைக்குப் போனதா, வியாபாரி பைக்குப் போனதா என்று கார்டோசோ விடாமல் கேட்டார். இதில் ஒளிந்திருந்து பார்க்க என்ன இருக்கிறது? கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். பாயசத்தில் முந்திரி போடும் நமக்கு இந்தக் கதை ஏன் தெரியவில்லை என்பது வேறு எரிச்சல்.

அவரை வெறும் எதிர்ப்பாளர் என்றும் எழுதாதே. விடுதலைக்குப் பிந்தைய சோஷலிச அரசை ஆதரித்தவர். அதே அரசு 1982இல் அவரைச் சிறையில் போட்டது. வெளியே வந்து, அரசுச் செய்தி நிறுவனத்தையே தொடர்ந்து நடத்தினார்.

2000 நவம்பர் 22 மாலை, அலுவலகத்திலிருந்து புறப்பட்டவரின் காரை மறித்துச் சுட்டார்கள். ஓட்டுநர் படுகாயத்தோடு பிழைத்தார். மெட்டிகால் மறு ஆண்டே நின்றுபோனது. சிறை வளாகத்தில் கூடாரம் போட்டு நடந்த கொலை வழக்கு விசாரணையை நாடே வானொலியில் கேட்டது. 2003 ஜனவரியில் ஆறு பேருக்கு நீண்ட தண்டனை. வங்கி மோசடி வழக்கு விசாரணைக்கு வந்ததோ, அதற்கும் பிறகுதான்.

அன்புடன்,
உன் ஆசிரியர்