வெப்பத்தை வென்ற மேசைக் கடிகாரம்

காலத்தை அளக்க மனிதன் முதலில் நிழலை நாடினான். பின்பு நீரையும் மணலையும் நாடினான். இறுதியில் உலோகத்தை நாடினான். உலோகம் அவனுக்காக உழைத்தது. ஆயினும் முழுதும் அடங்கவில்லை. சூட்டில் நீண்டது, குளிரில் சுருங்கியது. கைவினைஞர் உருவாக்கும் எந்திர மேசைக் கடிகாரங்களில் புகுந்த புதிய பொருள்கள் இப்பழம் பகையை எவ்வாறு தீர்த்தன என்பதையும், அவற்றால் வடிவம் எவ்வாறு மாறியது என்பதையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெப்பம் என்னும் பகை

வினாடிக்கு ஒரு வீச்சு வீசும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99.4 செ.மீ. ஊசலின் தண்டு எஃகாயின், அறையின் வெப்பநிலை 10 டிகிரி சென்டிகிரேடு உயரும்போது அது ஏறத்தாழ 0.11 மி.மீ. நீளும். கண்ணுக்குத் தெரியாத இந்நீட்சி, கடிகாரத்தை நாளொன்றுக்கு 5 வினாடி பின்தங்கச் செய்துவிடும்.

மேசைக் கடிகாரத்தில் அத்தனை நீண்ட ஊசலுக்கு இடமில்லை. அங்கே ஒரு சமநிலைச் சக்கரமும், அதை முன்னும் பின்னும் இழுக்கும் மெல்லிய சுருள்வில்லும் உண்டு. சூடேறினால் இவ்வில் தளர்ந்துவிடும். சாதாரண எஃகு வில்லாயின், ஒரு டிகிரி மாற்றத்துக்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 வினாடி பிழை நேரும்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தச்சர் ஜான் ஹாரிசன், எஃகுத் தண்டுகளையும் பித்தளைத் தண்டுகளையும் அருகருகே பிணைத்து, ஒன்றின் நீட்சியை மற்றொன்று ஈடு செய்யுமாறு ஊசல் அமைத்தார். உலோகங்கள் பழையவையே, அவற்றின் குறையை அமைப்பின் திறத்தால் வென்றார் அவர்.

உலோகத்தினுள் புகுந்த அறிவு

சுவிட்சர்லாந்தில் ஒரு கடிகாரக் கலைஞரின் மகனாகப் பிறந்தவர் சார்ல் எதுவார் கிய்யோம். பாரிசு நகருக்கு அருகே பன்னாட்டு எடை அளவைக் கழகத்தில் பணியாற்றிய அவர், 1896இல் இரும்புடன் 36 விழுக்காடு நிக்கல் கலந்த ஓர் உலோகக் கலவையைக் கண்டறிந்தார். அதன் நீட்சி எஃகினுடையதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. 'மாறாதது' என்னும் பொருளில் அதற்கு 'இன்வார்' எனப் பெயரிட்டார். பின்னர், இரும்பு, நிக்கல், குரோமியம் ஆகியன சேர்ந்த 'எலின்வார்' என்னும் கலவையை ஆக்கினார். வெப்பம் மாறினும் இதன் மீள்திறன் பெரிதும் மாறாது. ஊசலுக்கு இன்வாரும், வில்லுக்கு எலின்வாரும் ஏற்றவையாயின. 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவரைச் சேர்ந்தது.

பகையே உணவானது

பகையைத் தடுப்பது ஒரு வெற்றி. அதைப் பணியாளாக்குவது அதனினும் பெரிய வெற்றி. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ழான் லெயோன் ரொய்ட்டர் 1928இல் அமைத்த 'அட்மாஸ்' மேசைக் கடிகாரம் அதைச் சாதித்தது. இதற்குச் சாவி கொடுக்க வேண்டுவதில்லை, மின்சாரமும் வேண்டா. தொடக்கத்தில் பாதரசமும் அம்மோனியாவும் பயன்பட்டன. பின்னர் எதைல் குளோரைடு நிரப்பிய மூடிய உலோகச் சிமிழ் அமைந்தது. அறை சூடானால் சிமிழ் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். துருத்தி போன்ற இவ்வசைவே முதன்மைச் சுருள்வில்லை முறுக்குகிறது. ஒரு டிகிரி மாற்றம் கிடைத்தால் கடிகாரம் ஏறத்தாழ 2 நாள் ஓடும்!

அத்துணைச் சிறிய ஆற்றலைக் கொண்டு ஓடுவது எவ்வாறு? இதன் சமநிலைச் சக்கரம் மிக மெல்லிய எலின்வார் கம்பியில் தொங்கி, ஒருமுறை சென்று மீள ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. இங்கே ஒரு நுட்பம் காண்க: வெப்பத்தை உடனே உணரவேண்டியது சிமிழ், உணரவே கூடாதது கம்பி. எதிரெதிர் இயல்புடைய இரு பொருள்கள் ஒரே கண்ணாடிப் பேழைக்குள் ஒத்துழைக்கின்றன.

வடிவத்தின் புதுமை

உள்ளிருப்பதை மறைத்த மரப்பெட்டியும் பொன்முலாமும் பல கடிகாரங்களில் இன்று விடைபெற்றுவிட்டன. 2008இல் மார்க் நியூசன் என்னும் வடிவமைப்பாளர் அட்மாசைப் பக்காராப் படிகக் கண்ணாடிக்குள் அமைத்தார். உறுப்புகள் காற்றில் மிதப்பனபோல் தோன்றும். 1839இல் தோன்றிய லெப்பே நிறுவனம், எம்.பி. அண்டு எஃப் நிறுவனத்துடன் சேர்ந்து 2014இல் 'ஸ்டார்ஃப்ளீட் மெஷின்' என்னும் மேசைக் கடிகாரத்தை வெளியிட்டது. அது விண்வெளி நிலையத்தின் வடிவினது. தொடர்ச்சியாக இணைந்த ஐந்து சுருள்வில் உருளைகளால், ஒருமுறை சாவி கொடுத்தால் 40 நாள் ஓடுவது.

கைக்கு என்ன வேலை?

1969இல் விற்பனைக்கு வந்த குவார்ட்சு கைக்கடிகாரம், துல்லியத்தில் எந்திரக் கடிகாரங்களைப் பின்தள்ளியது. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்சுக் கடிகாரமே அன்றாடத் தேவைக்குப் போதும். எனில், கைவினைஞர் ஏன் இன்னும் அரத்தையும் உருப்பெருக்கியையும் எடுக்கிறார்? புதிய உலோகம் கையின் வேலையை ஒழிக்கவில்லை. இடம் மாற்றியது என்பதே விடை. வெப்பப் பிழையை ஈடு செய்யும் சுமையைக் கலவை ஏற்றுக்கொண்டது. மெருகிடுதல், பொருத்துதல், மெல்லிய கம்பி முறியாமல் தொங்கவிடுதல், ஓட்டத்தைச் சீராக்குதல் ஆகியன கைக்கே உரியவையாய் நிற்கின்றன. அன்றியும், எந்திரக் கடிகாரத்தைத் திறந்தால் காரணமும் காரியமும் கண்முன்னே நிற்கும். பழுதுற்ற பல்லைப் பின்வரும் தலைமுறையும் திருத்தலாம்.

ஆய்வுக்கூடத்துக் கிய்யோமின் அறிவும் பட்டறைக் கலைஞரின் விரலும் கூடிய இடத்தில் பிறந்தது இக்கலை. அறிவியல் வேறு, கைத்தொழில் வேறு என்று பிரித்துப் பேசும் நமக்கு அது கற்பிக்கும் பாடம் சிறியதன்று.