கரிசல் வீட்டுத் தோட்டத்தில் எந்தச் செடி தாங்கும்?



கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் நம்ம வீட்டைச் சுற்றி இருப்பது கரிசல் களிமண். சித்திரையில் கை நுழையுற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் காலைப் பிடித்து இழுக்கும்.

எங்கள் குழுவில் ஆறு பேர் குழுக் கடனில் முருங்கைக் கன்று வாங்கினோம். "முருங்கை வறட்சியைத் தாங்கும்" என்றார்கள். அது வாஸ்தவம்தான். ஆனால் சமதரையில் குழி தோண்டி வைத்துவிட்டோம். மழைக்குக் குழி தொட்டி மாதிரி ஆனது. ஒரு வாரம் தண்ணீர் வடியவே இல்லை. வேர் அழுகி, தொழுவத்து மேட்டில் வைத்த ஒன்று தவிர எல்லாம் செத்தன. கன்று போனாலும் தவணையைக் கட்டித்தானே ஆகணும்!

நாம் படித்த பாடம்

களிமண்ணில் வெயிலைத் தாங்கினால் மட்டும் போதாது, மழையையும் தாங்கணும்.

எதை, எங்கே வைப்பது?

* மேட்டில்: முருங்கை, சீத்தா, கறிவேப்பிலை. தண்ணீர் தேங்கினால் இவற்றுக்கு ஆகாது.
* தாழ்வான ஓரத்தில்: அகத்தி. சில நாள் தண்ணீர் நின்றாலும் தாங்கும். கீரையும் ஆச்சு, ஆட்டுக்குத் தழையும் ஆச்சு.
* பாரில்: கொத்தவரை, தட்டைப்பயறு, கத்தரி, மிளகாய். கொத்தவரையை கனமழை ஓய்ந்த பிறகு ஊன்றுங்கள். மிளகாயில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கே1, கே2 ரகங்கள் உண்டு.
* வேலியில்: பிரண்டை, தூதுவளை.

செய்முறை

1. மழைக்கு முன்பே, ஆவணி, புரட்டாசியில் ஒரு அடி உயரம் மேடு கட்டுங்கள். பக்கத்தில் வடிகால் வெட்டுங்கள்.
2. மேட்டு மண்ணில் மக்கிய தொழு உரம் கலந்திடுங்கள். கொஞ்சம் மணலை மட்டும் கொட்டினால் மண் இறுகிப்போகும்.
3. மண்வெட்டியில் மண் ஒட்டும்போது கொத்தாதீர்கள். காய்ந்ததும் அது கட்டி கட்டியாகிவிடும்.
4. தை மாதம் ஈரம் இருக்கும்போதே மேலாகக் கொத்தி, சருகு, கடலைத்தொலி போட்டு மூடுங்கள். வெடிப்பு குறையும், ஈரம் நிற்கும்.
5. அரிசி, காய் கழுவின தண்ணீரைச் செடிக்கு விடுங்கள். சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

இப்போது அந்த ஒத்தை முருங்கையில்தான் ஆறு வீட்டுக்கும் கீரை ஒடிக்கிறோம். அதன் கொம்பை வெட்டி, மேடு கட்டி, மறுபடி நட்டிருக்கிறோம். இந்தத் தடவை கடன் வாங்கவில்லை.

குழுக் கூட்டத்தில் பேச

* உங்கள் வீட்டில் மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது?
* காசு கொடுக்காமல் விதை, கொம்பு யாரிடம் வாங்கலாம்?