கடல் சண்டையும் கிராம சபையும்

பொம்மையார்பாளையம் கரையில் சுருக்குமடி வலைத் தகராறு முற்றினால் படகு கரையேறிடும். கூடை காலி. குழுக்கடன் தவணையும் தவறும்.

இந்தச் சண்டை புதுசு இல்லை. விசைப்படகுகள் வந்தபோது கட்டுமரக்காரர் வலைகள் அறுந்தன, கடலிலேயே மோதல் நடந்தது. அதைத் தீர்க்கத்தான் 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அப்போது கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர், நாட்டுப்படகுக்கு ஒதுக்கினார்கள். விசைப்படகு காலை 5 மணிக்கு மேல்தான் கிளம்பணும், இரவு 9-க்குள் திரும்பணும் என்று அப்போது விதித்தார்கள். நியாயமான பங்கீடுதான். ஆனா கடலில் கோடு கிழிக்க முடியுமா?

சுருக்குமடிக்கு 2000-ல் அரசு தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2023 ஜனவரியில் இடைக்கால உத்தரவு கிடைத்தது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை.

இத்தனை பேச்சிலும் மீன் விற்கிற பெண்கள் எங்கே? ஊர்ப் பஞ்சாயத்தில் பெரும்பாலும் நமக்கு இடமில்லை. கிராம சபையில் வாக்காளர் எல்லாருக்கும் உண்டு. எத்தனை நாள் கூடை எடுக்கலை, எத்தனை தவணை தவறியது என்று குழு நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போவோம். அதைத் தீர்மானமாகக் கேட்போம். நகல் மீன்வளத் துறைக்கும் போகட்டும்.